ஆடிப்பெருக்கும் எழுதப்படாத கொங்குக் கதைகளும்

ஆடி 18 அன்று பள்ளிபாளையத்துக் காவிரிக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. முளைப்பாரி, காப்பரிசி, மஞ்சள் கயிறு, புதுத் துணி என்று ஊரே ஆற்றுக்கு வந்துவிடும். நாள் முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும் ஊரில் அன்று ஆற்றுச் சத்தம் கேட்கும். பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அந்தக் கரையிலும் இதே கூட்டம்தான்.

தமிழில் கதை படிக்கும் பழக்கம் உள்ள எந்த மாணவருக்கும் இந்த நாள் இன்னொரு விதத்திலும் நினைவிருக்கும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதே ஆடிப்பெருக்கு நாளில்தான். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அந்த ஒரு காட்சியில் விழுந்தவர்கள் ஐந்து பாகத்தையும் முடிக்காமல் எழுந்ததில்லை!

ஆனால் இதே ஆடி 18க்குக் கொங்குப் பகுதியில் வேறு இரண்டு கதைகள் இருக்கின்றன. கொல்லிமலையில் ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. கொல்லிமலையை ஆண்ட சங்க கால வள்ளல் ஓரி, சேரனுக்குத் துணையாக வந்த மலையமான் திருமுடிக் காரியால் கொல்லப்பட்டவன். அடுத்தது சங்ககிரி. பள்ளிபாளையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள அந்த மலைக்கோட்டையில் 1805ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். அதுவும் ஆடி 18தான். அந்தக் காலத்தில் ஆடி மாதம் ஆங்கிலத் தேதியில் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பிறந்துவிடும்.

ஒரே தேதியில் மூன்று கதைகள். முதல் கதையைத் தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள், 2022இலும் 2023இலும் சினிமாவாகவும் பார்த்துவிட்டார்கள். மற்ற இரண்டையும் பள்ளிபாளையத்துப் பிள்ளைகளே விழாப் பந்தலிலும் பிளக்ஸ் பேனரிலும்தான் பார்த்திருப்பார்கள். இது ஏன் இப்படி ஆனது? இளைய வாசகர்களுக்கான சரித்திரக் கதை கொங்கு மண்ணில் முளைக்காததற்குக் காரணம், சொல்வதற்குச் சரித்திரம் இல்லாததா?


கல்கி இங்கேதான் இருந்தார்!

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். தமிழ்ச் சரித்திர நாவலின் சூப்பர் ஸ்டாரான கல்கி, நாவல் எழுதுவதற்கு முன்பு வேலை செய்த இடங்களில் ஒன்று திருச்செங்கோடு வட்டாரம். 1925இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு இவைதான் அங்கே வேலை. 1929இல் மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 'விமோசனம்' என்ற பத்திரிகை வந்தபோது ராஜாஜிக்கு உதவியாக அதைக் கவனித்துக்கொண்டவர் கல்கி.

ஆக, சங்ககிரிக் கோட்டையும் காவிரியும் சுற்றியிருந்த பகுதியில் கல்கி வாழ்ந்திருக்கிறார். பிறகு சென்னை போய் 'பார்த்திபன் கனவு' (1941-43), 'சிவகாமியின் சபதம்' (1944-46), 'பொன்னியின் செல்வன்' (1950-54) எழுதினார். மூன்றும் பல்லவர், சோழர் கதைகள். கதை நடக்கும் இடங்கள் காஞ்சி, மாமல்லபுரம், பழையாறை, தஞ்சாவூர், இலங்கை. கொங்கு நாடு பெரும்பாலும் பெயரளவில்தான்.

இதில் கல்கியைக் குறை சொல்ல முடியாது. சரித்திர நாவலாசிரியருக்கு முதலில் சரித்திரம் வேண்டும். சோழர்களுக்கு நீலகண்ட சாஸ்திரியின் பெரிய ஆராய்ச்சி நூல் 1930களிலேயே வந்துவிட்டது. கல்வெட்டு, செப்பேடு, பெரிய கோயில் எல்லாம் தயாராக இருந்தன. சுதந்திரப் போராட்டக் காலத்தில் கடல் கடந்து வென்ற தமிழ் அரசர்கள் என்பது வாசகர்களுக்கு உற்சாகம் தரும் விஷயமாகவும் இருந்தது. கொங்கு நாடோ சேரர், கங்கர், சோழர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரம், மதுரை நாயக்கர், மைசூர் என்று கைமாறிக்கொண்டே வந்த நிலம். ஒரே வம்சம், ஒரே தலைநகரம், ஒரே சிம்மாசனம் என்று கதை கட்டுவதற்கு வசதியான ஊர் இல்லை இது!

தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படுவது 1895இல் வந்த 'மோகனாங்கி'. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை எழுதியது. அதுவும் நாயக்க மன்னர் கால அரண்மனைக் கதைதான். பிறகு கல்கி, சாண்டில்யன் என்று அந்த வழி பெரிய ராஜபாட்டை ஆகிவிட்டது. அரண்மனை, சுரங்கப்பாதை, ஒற்றர், கடற்போர், இளவரசி... இவை இருந்தால்தான் சரித்திரக் கதை என்று வாசகர்களும் நம்பிவிட்டார்கள்.


ஆறே எல்லையான ஏழு வருடங்கள்

சரி, அரண்மனையை விட்டுவிட்டு ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது?

1792ஆம் ஆண்டு. மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தான் தோற்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு தன் ராஜ்ஜியத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், அதுவரை தன் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்க வேண்டும். பத்து வயதை ஒட்டிய அந்த இரண்டு சிறுவர்களையும் கார்ன்வாலிஸ் பிரபு வரவேற்பது போன்ற ஓவியங்கள் அக்காலத்தில் பிரிட்டனில் பிரபலம். இருவரும் 1794 வரை திரும்பவில்லை.

அதே உடன்படிக்கையில்தான் பாரமகால், சேலம், நாமக்கல், சங்ககிரிப் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. ஆனால் காவிரிக்கு மேற்கே ஈரோடு உள்ளிட்ட கோயம்புத்தூர்ச் சீமை திப்புவிடமே இருந்தது. அதாவது இன்று பள்ளிபாளையம் இருக்கும் கிழக்குக் கரை கம்பெனி நிலம், எதிரே தெரியும் ஈரோட்டுக் கரை மைசூர் நிலம். 1799இல் திப்பு இறக்கும் வரை ஏழு வருடம் காவிரி இரண்டு அரசுகளுக்கு நடுவே எல்லைக் கோடாக ஓடியது!

இன்று ஷேர் ஆட்டோவில் ஐந்து நிமிடத்தில் கடக்கும் பாலத்துக்குக் கீழே ஒரு காலத்தில் எல்லை இருந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கரையில் பெண் எடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். இந்தக் கரையில் நிலமும் அந்தக் கரையில் குலதெய்வமும் உள்ளவர்கள் இருந்திருப்பார்கள். நெசவாளிக்கு நூல் ஒரு கரையில், சந்தை மறு கரையில் என்றால் அவர் என்ன செய்திருப்பார்?

ஆறும் இப்போது இருப்பது போல இருந்திருக்காது. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல். அதற்கு முன்பு குடகில் பெய்யும் மழை முழுக்க அப்படியே இறங்கி வரும். ஆடியில் ஆறு பெருகினால் அக்கரைக்குப் பரிசல் போட உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆடிப்பெருக்கில் ஆற்றைக் கும்பிடுவதில் பயமும் கலந்திருந்த காலம் அது.

அக்கரையில் ஈரோடு பட்ட பாட்டைக் கேட்டால் மனது கனக்கும். 1768இல் கம்பெனி பிடித்தது, அதே வருடம் ஹைதர் அலி மீட்டார். 1790இல் ஜெனரல் மெடோஸ் படை மறுபடி பிடித்தது, திப்பு மறுபடி மீட்டார். ஹைதர் காலத்தில் 3,000 வீடுகள் இருந்த ஊர், மாராட்டியர், மைசூரார், கம்பெனி என்று மாறி மாறி வந்த படைகளால் கிட்டத்தட்ட ஆளில்லாத ஊராகிப் போனது என்று பழைய கெசட்டியர் சொல்கிறது. சமாதானம் வந்து ஒரே வருடத்தில் மக்கள் திரும்பி வந்து 400 வீடுகள் எழுந்தன, 2,000 பேருக்கு மேல் குடியேறினார்கள் என்றும் அதே கெசட்டியர் சொல்கிறது.

3,000 வீடு, பிறகு யாருமில்லை, பிறகு 400 வீடு. இந்த மூன்று வரிகளுக்குள் எத்தனை கதை இருக்கிறது! ஊரை விட்டு ஓடியவர்கள் எங்கே போனார்கள்? திரும்பி வந்தபோது தன் வீட்டுச் சுவரை எப்படி அடையாளம் கண்டார்கள்? வராதவர்களுடைய நிலத்தில் யார் ஏர் பூட்டினார்கள்?

இக்கரையில் வேறு ஒரு நாடகம். கம்பெனி நியமித்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ உள்ளிட்ட உதவியாளர்களோடு இந்தப் பகுதியை அளக்கத் தொடங்கினார். காடு காடாக அளந்து, குடியானவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரி கட்டினார்கள். பிற்காலத்தில் சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறை முளைவிட்டது இங்கேதான். ஒரு நாள் காலையில் தன் அப்பாவின் காட்டில் அந்நியர்கள் சங்கிலி போட்டு அளப்பதைப் பார்க்கும் 14 வயதுப் பையனுக்கு என்ன தோன்றியிருக்கும்? ஒற்றனும் இளவரசியும் இல்லாமலேயே கதை தொடங்கிவிடுகிறது.


சின்னமலை: ஆவணமும் வழக்கும்

கொங்கில் சரித்திரக் கதை என்றால் முதலில் எல்லோர் நினைவுக்கும் வருபவர் தீரன் சின்னமலை. காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்த தீர்த்தகிரி. மைசூருக்குப் போகும் வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல் என்று அவர் சொல்லி அனுப்பியதால் அந்தப் பெயர் வந்தது என்பது மக்கள் வழக்கு. பிறகு அதே மைசூர்த் திப்புவோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்தார். திப்புவுக்குப் பின் ஓடாநிலையில் கோட்டை கட்டிப் போராடினார். கடைசியில் பழனிப் பக்கம் கருமலையில் பிடிபட்டார். சமையற்காரர் காட்டிக்கொடுத்தார் என்று சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒருவர் இளமையில் யாருடைய வரிப்பணத்தைப் பறித்தாரோ அதே அரசோடு பிறகு கைகோக்கிறார். ஏன்? இந்தக் கேள்வியை மேடைப் பேச்சு தாண்டிப் போய்விடும். ஒரு நல்ல நாவல் இங்கேதான் நின்று யோசிக்கும். எதிரி மாறும்போது நண்பனும் மாறுவது பதினாறு, பதினேழு வயது வாசகருக்கு மிகவும் புரியும் விஷயம். பள்ளிக்கூடத்திலேயே தினமும் பார்ப்பதுதானே!

சின்னமலையைச் சுற்றி இருந்தவர்கள் கதையும் சாதாரணமானதல்ல. அவரோடு தூக்கிலேறியதாகச் சொல்லப்படும் சகோதரர்கள், கருப்ப சேர்வை. செருப்புக்குள் ரகசியச் செய்தியை மறைத்துக் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொல்லப்படும் பொல்லான். அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பொல்லானின் பெயர் நீண்ட காலம் பெரிதாகப் பேசப்படவில்லை. செருப்பு தைப்பதற்காக இழிவுபடுத்தப்பட்ட ஒரு சமூகத்தின் ஆள், அந்தச் செருப்பையே ஆயுதமாக்கிய கதை. உலகத்தில் எந்த மொழியில் எழுதினாலும் பிள்ளைகள் மூச்சுவிடாமல் படிப்பார்கள்.

ஆனால் இன்று என்ன நடக்கிறது? ஆடி 18 வந்தால் ஒவ்வொரு சங்கமும் தன் தன் நாயகருக்கு மாலை போடுகிறது. நாயகர் ஒருவரே ஆனாலும் கூட்டம் தனித்தனி. ஒரே போராட்டத்தில் ஒன்றாக நின்றதாகச் சொல்லப்படுபவர்களின் நினைவு இப்படிப் பிரிந்து கிடக்கிறது. அவர்கள் எல்லோரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைக்க நாவலால் முடியும். அந்த நாவல் வராத வரை அவர்களைப் பற்றி இளைய தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது பேனர்தான்.


உடுக்கையில் இருக்கும் நாவல்

கொங்கு மண்ணில் எழுதப்படாத ஒரு பெரிய நாவல் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்ற இரட்டையர்கள், அவர்கள் தங்கை, அம்மா தாமரை, வேட்டுவர்களோடு சண்டை, கொம்பன் என்ற காட்டுப்பன்றி... உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடப்படும் கதை. மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் இவர்களுக்குக் கோயிலும் திருவிழாவும் உண்டு.

இந்தக் கதை அச்சுக்கு வந்த பயணமே சுவாரசியமானது. 1965இல் கொங்கு கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர் இந்தக் கதையைப் பாடகர்களிடமிருந்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1971இல் கவிஞர் சக்திக்கனல் 'அண்ணன்மார் சுவாமி கதை'யைப் பதிப்பித்தார். 1982இல் பெக் இதைப் பற்றி 'தி த்ரீ ட்வின்ஸ்' என்ற ஆய்வு நூல் வெளியிட்டார். கருணாநிதி இதை 'பொன்னர் சங்கர்' என்ற நாவலாக எழுதினார், 2011இல் அது சினிமாவாகவும் வந்தது.

இளையோர் என்ற கணக்கில் பார்த்தால் முக்கியமானது இதற்குப் பிறகு நடந்தது. கனடாவில் இருந்த பெக், தான் பதிவு செய்த அதே கதையை 'லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா' என்ற பெயரில் 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் படக்கதைப் புத்தகங்களாகவும் கொண்டுவந்தார். திண்ணையில் உட்கார்ந்து பதிவான கதை டொரன்டோவில் கார்ட்டூன் ஆனது! புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

இந்தக் கதையிலும் ஒரு முள் இருக்கிறது. அண்ணன்மார் உழவர் பக்கத்து நாயகர்கள். வேட்டுவர்கள் எதிரிகள். ஆனால் இரண்டு சமூகத்தாரும் இன்றும் அதே கொங்கு நாட்டில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள். காட்டை வெட்டிக் கழனி ஆக்கியவர்களின் வெற்றிக் கதை, காட்டை இழந்தவர்களுக்கு எப்படிக் கேட்கும்? ஒரே வகுப்பில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்த வகுப்புக்காக எழுதப்படும் கதை இரண்டு பக்கத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.


பக்கத்து வீட்டு வரலாறு சுடும்

இங்கேதான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. கொங்கில் சரித்திரத்துக்குப் பஞ்சமில்லை. சரித்திரம் மிகவும் பக்கத்தில் இருப்பதுதான் சிக்கல்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று எழுதினால் இன்று யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. ஆயிரம் வருட தூரம் ஒரு பாதுகாப்பு. ஆனால் 200 வருடத்துக்கு முன்பு இந்த ஊரில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார், யார் நிலம் யாரிடம் போனது, எந்தக் கோயிலில் என்ன வழக்கம் இருந்தது என்று எழுதினால்? ஊர் பெயர் அப்படியே இருக்கிறது. கோயில் இருக்கிறது. பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

திருச்செங்கோட்டில் நடந்ததே சாட்சி. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளியானது. சுதந்திரத்துக்கு முந்தைய காலத் திருச்செங்கோட்டுப் பின்னணியில் குழந்தையில்லாத ஒரு தம்பதியின் கதை. அது பெரியவர்களுக்கான நாவல், சிறுவர் கதை அல்ல. வந்து நான்கு வருடம் கழித்து, 2014 டிசம்பரில் அதற்கு எதிராகப் போராட்டம் வெடித்தது. கோயிலையும் ஊரையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்றார்கள் எதிர்ப்பாளர்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நூலுக்குத் தடை கேட்டதை ஏற்காமல், எழுத்தாளர் எழுதுவதைத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. அவரும் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் இந்த வட்டாரத்தில் எழுத ஆசைப்பட்ட ஒரு பிளஸ் டூ மாணவர் என்ன பாடம் கற்றிருப்பார்? சோழனைப் பற்றி எழுது, சொந்த ஊரைப் பற்றி எழுதாதே என்பதுதானே? நஷ்டம் ஒரு எழுத்தாளரோடு நிற்கவில்லை.


மற்றவர்கள் எப்படி எழுதினார்கள்?

முடியாத காரியம் ஒன்றுமில்லை. கரிசல் மண்ணில் கி. ராஜநாராயணன் 1976இலேயே 'கோபல்ல கிராமம்' எழுதிவிட்டார். ராஜா இல்லை, ராணி இல்லை. புலம்பெயர்ந்து வந்து காட்டைத் திருத்திய மக்களின் நினைவுதான் கதை. பூமணியின் 'அஞ்ஞாடி'யில் கழுகுமலை, சிவகாசிக் கலவரங்கள் வருகின்றன. பக்கத்து வீட்டு வரலாறுதான், சுடும் வரலாறுதான். 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மதுரையைப் பற்றிய சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2011இல் அதே விருது பெற்றது.

இவை எல்லாம் தடித்த புத்தகங்கள், பெரியவர்களுக்கானவை. இளையோருக்கென்றே எழுதப்பட்டதற்கு நல்ல உதாரணம் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியை மையமாக வைத்த சின்ன நாவல். 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. அகழாய்வுக் குழியில் கிடைத்த பொருட்களை வைத்துக்கொண்டு ஒரு சிறுவனின் உலகத்தைக் கட்ட முடியும் என்று அது காட்டியது. கொங்குக்கும் ஒரு கீழடி உண்டு. சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல். தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் கல்மணி செய்த பட்டறைகளும் கிடைத்த ஊர். அங்கேயும் மணி கோத்த ஒரு சிறுமி இருந்திருப்பாள் அல்லவா?

வெளிநாட்டிலும் இப்படித்தான். இங்கிலாந்தில் ரோஸ்மேரி சட்கிளிஃப் 1954இல் எழுதிய 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்' இன்றும் அங்கே பிள்ளைகள் படிக்கும் நாவல். அதற்கு விதை என்ன தெரியுமா? சில்செஸ்டர் என்ற ஊரில் தோண்டும்போது கிடைத்த, இறக்கை இல்லாத ஒரு வெண்கலக் கழுகு. பிரிட்டனில் காணாமல் போனதாக நம்பப்பட்ட ஒரு ரோமானியப் படைப்பிரிவு. இரண்டையும் முடிச்சுப் போட்டார். அந்தப் படை பிரிட்டனோடு அழிந்துவிடவில்லை, பின்னர் நெதர்லாந்துப் பக்கமும் இருந்தது என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. அதனால் நாவல் செத்துவிடவில்லை. கதை என்பது கதை, ஆராய்ச்சி என்பது ஆராய்ச்சி என்று வாசகர்களுக்குத் தெரியும்.

கொங்கில் எழுதுபவர்களுக்கும் இதுவே நல்ல வழி. எது ஆவணம், எது மக்கள் வழக்கு, எது தன் கற்பனை என்று புத்தகத்தின் கடைசியில் இரண்டு பக்கம் எழுதிவிட்டால் போதும். சண்டைக்கு வருபவர் வரத்தான் செய்வார். ஆனால் படிக்கும் பிள்ளைக்கு வழி தெரிந்துவிடும், இதைத் தாண்டித் தானே தேடவும் தோன்றும்.

தேடினால் கிடைக்கவும் செய்யும். ரீடும் அவருடைய ஆட்களும் எழுதிய பாரமகால் ஆவணங்களைச் சென்னை அரசு 1907 முதல் அச்சிட்டது. 1800இல் இந்தப் பக்கம் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானனின் நூல் 1807இல் வந்தது. லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வந்தது. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் வாழ்நாள் முழுக்கத் தொகுத்தவர் ஈரோட்டில் வாழ்ந்த புலவர் செ. இராசு. 2023இல் அவர் மறைந்தார், அவர் தொகுத்தவை இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, உடுக்கைப் பாட்டைக் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய 1965இல் பெரிய ஒலிநாடாக் கருவி வேண்டியிருந்தது. இன்று ஒரு செல்போன் போதும்.

அடுத்த ஆடி 18க்கும் பள்ளிபாளையத்தில் கூட்டம் வரும். பாலத்தின் மேல் நின்று பார்க்கும் பிள்ளைகளுக்கு வந்தியத்தேவன் நினைவுக்கு வருவான், வரட்டும். கூடவே, 1792இல் இதே கரையில் நின்றுகொண்டு நேற்று வரை சொந்த ஊராக இருந்த அக்கரை இன்று ஏன் வேறு நாடு என்று அம்மாவிடம் கேட்ட ஒரு பெண் குழந்தையும் நினைவுக்கு வர வேண்டும். அவளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. என்ன பெயர் வைக்கலாம்?